ஒருவருமில்லாத பாலைவனம்

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் பிள்ளை பெற்றவர்கள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தவரத்தினத்திடம் வந்தே ஆகவேண்டும். பேச்சுப்போட்டி நெருங்கினால் போதும், "தவம் அண்ணை, என்ரை சின்னவனுக்கு ஒரு மூண்டு நிமிசப் பேச்சு எழுதித் தாங்கோ" என்று மரக்கறிக் கடை வாசலிலேயே மறித்துவிடுவார்கள். வாரம் முழுக்க கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகமொன்றில் வெங்காயம் வெட்டுகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை பேனாவைத் திறந்தால் கடல் பொங்கும், மலை குமுறும். பேசுகிற பிள்ளைக்கு அதில் பாதி விளங்காது. விளங்கவேண்டும் என்று யார் கேட்டார்கள்? பாடமாக்கிக் கையை நீட்டிப் பேசினால் பரிசுக் கிண்ணம் நிச்சயம்.

எந்தப் பேச்சானாலும் கடைசிப் பந்தியில் யூதர்கள் வந்துவிடுவார்கள். இரண்டாயிரம் ஆண்டு நாடின்றி அலைந்த இனம், ஐரோப்பாவில் இலட்சம் இலட்சமாகக் கொல்லப்பட்ட இனம், தனக்கென்று ஒரு நாட்டை எழுப்பியது, நாமும் எழுப்புவோம் என்று முடியும். அலைந்ததும் உண்மை, கொல்லப்பட்டதும் உண்மை. இடையிலே ஒரு வரி வைத்திருந்தார் பாருங்கள், அதுதான் வினை: "ஒருவருமில்லாத பாலைவனமாய்க் கிடந்த பாலஸ்தீனத்தைச் சோலையாக்கினர்." யாழ்ப்பாணத்தில் படிக்கிற காலத்தில் எங்கேயோ வாசித்தது. காதுக்கு இனிமையாக இருந்ததால் வைத்துக்கொண்டார். கிளிநொச்சியில் அவருடைய அக்கா வீட்டைத் தரைமட்டமாக்கிய கிபிர் விமானமே இஸ்ரேல் விற்றதுதான். யாராவது அதைச் சொல்லிக் காட்டினால், "அடிக்கிறவனிட்டையிருந்துதான் பாடம் படிக்கவேணும்" என்பார். அதற்கும் கைதட்டு விழும்.

இந்த லட்சணத்தில் அவருடைய உயிர்க் கூட்டாளி ஒரு பாலஸ்தீனர். பெயர் ஹிஷாம். அதே சமையலறையில் இறைச்சிப் பக்கம் நிற்பவர். அவருடைய தகப்பன் 1948இல் ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, காசாவில் கான் யூனிஸ் முகாமில் வந்து விழுந்தவர். ஹிஷாம் அங்கேதான் பிறந்தார். தகப்பனின் ஊரில் அத்திமரம் எத்தனை, கிணறு எங்கே என்பதெல்லாம் பார்க்காமலே சொல்லுவார். தவரத்தினம் வெங்காயம் வெட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஞாயிறு வந்ததும் ஒருவருமில்லாத பாலைவனம் என்று எழுதுவார். இரண்டும் ஒரே மண் என்பது அந்தப் பெரிய மண்டையில் ஏறவே இல்லை, அல்லது ஏறவிடவில்லை.

2009 தை மாதம் காசாவில் குண்டு விழுந்தது. ஊர்வலத்துக்கு வா என்று ஹிஷாம் கூப்பிட்டார். தவரத்தினம் நாரிப்பிடிப்பு, நிமிர ஏலாது என்றார். சித்திரையில் வன்னி எரிந்தது. அப்போது ஹிஷாமை யாரும் கூப்பிடவில்லை. வேலை முடிந்த கையோடு, கோப்பி நிறைத்த பெரிய பிளாஸ்குடன், தமிழர் போராட்டம் நடந்த ரிப்பப்ளிக் சதுக்கத்துக்கு வந்து, தெரியாத தமிழ்ச் சனத்துக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

அன்று மேடையில் பேசியது தவரத்தினத்தின் மகள் மிருணாளினி. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, தகப்பன் எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் தவறாமல் முழங்கினாள். "பாலஸ்தீனம்" என்ற சொல் காதில் விழுந்ததும் ஹிஷாம் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"எங்களைப் பற்றி என்ன சொன்னாள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

வன்னியிலிருந்த அக்காவின் குரலைக் கேட்டு இரண்டு கிழமை ஆகியிருந்த நேரம் அது. தவரத்தினம், "உங்களைப் போலத்தான் நாங்களும் என்று சொன்னாள்" என்றார்.

அன்றிலிருந்து மிருணாளினி ஹிஷாமுக்கும் மகள். பெருநாள் வந்தால் அவளுக்கென்று தனிப் பெட்டியில் பலகாரம் வரும். பரீட்சையில் அவள் தேறிய செய்தி தகப்பனுக்கு முன் அவருக்குப் போகும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, தவரத்தினம் அந்தப் பலகாரத்தில் ஒன்றைக்கூடத் தொடமாட்டார். பேச்சுகளிலிருந்து யூதர்களைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். "அண்ணையின்ரை எழுத்திலை முந்தின காரம் இல்லை" என்று சனம் குறைப்பட்டது. ஆனால் ஹிஷாமிடம் வாய் திறக்கவில்லை. இன்று சொல்வோம், நாளை சொல்வோம் என்று பதினான்கு வருடம் போய்விட்டது. வெட்கம் என்று சொல்லி அதைச் சின்னதாக்கக் கூடாது. அது கோழைத்தனம்.

2023 ஒக்டோபரில் ஹமாஸ் ஆட்கள் இஸ்ரேலுக்குள் புகுந்து சனத்தைக் கொன்ற செய்தி வந்தபோது, ஹிஷாம் சமையலறைச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைகளும் பாவம், இனி எங்கள் பிள்ளைகளும் பாவம்" என்றார். அப்படியே ஆயிற்று. குளிர்காலம் முடிவதற்குள் கான் யூனிஸில் அவருடைய தங்கையும் இரண்டு பிள்ளைகளும் இடிபாட்டுக்குள் போய்விட்டார்கள்.

ஸ்தேன் என்ற புறநகரில் ஒரு மண்டபம் எடுத்து ஹிஷாம் இரங்கல் கூட்டம் வைத்தார். மிருணாளினியைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சின்ன வயதில் நீ பேசினாயே, அதைப் பேசு. உங்கள் மொழியிலேயே பேசு. பிறகு பிரெஞ்சில் சொல்லு. தூரத்திலே ஒரு சின்னப் பிள்ளை எங்களுக்காகப் பேசுகிறது என்று அப்போது தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் அழுதாள்."

மிருணாளினி மறக்கவில்லை. அப்படி அடித்து ஏற்றிய பாடம் மறக்குமா? குசினியில் அடுப்புப் பக்கம் நின்று கடகடவென்று சொல்லிக்கொண்டு வந்தவள், கடைசிப் பந்தியில் நின்றுவிட்டாள். இப்போது அவளுக்கு அந்தத் தமிழ் விளங்கும்.

"அப்பா, இதையா நான் சொன்னனான்?"

தவரத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அந்த இடத்திலை ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு அவருக்கு முன்னாலையே சொன்னனான், என்ன? அவர் கையும் தட்டினவர்."

"அப்ப எனக்குத் தெரியாது பிள்ளை. வேறை ஒண்டு எழுதித் தாறன். நல்லதா எழுதித் தாறன்."

"வேண்டாம். இனி நீங்கள் எழுத நான் பேசமாட்டன். நீங்களே அவரிட்டைச் சொல்லுங்கோ."

"கூட்டம் முடியட்டும், சொல்லுறன்" என்றார். மகள் தன் அறைக்குப் போனாள். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தவர், அந்தச் சோற்றை அப்படியே குப்பையில் கொட்டினார்.

கூட்டத்தன்று தவரத்தினம் கடைசி வரிசையில் இருந்தார். ஹிஷாமின் சொந்தக்காரர், உணவகத்து ஆட்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. மிருணாளினி எழுந்து முன்னே போனாள். கையில் தாள் இல்லை.

"ஒன்பது வயதில் நான் தமிழில் ஒரு பேச்சுப் பேசினேன்" என்று பிரெஞ்சில் தொடங்கினாள். "உங்கள் நாடு ஒருவருமில்லாத பாலைவனமாக இருந்தது என்று அதில் சொன்னேன். நல்ல சத்தமாகச் சொன்னேன். ஹிஷாம் மாமா தன் சனத்துக்காக நான் பேசுவதாக நம்பிக் கைதட்டினார். என்னை மன்னித்துவிடுங்கள்."

தன் பெயரை அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்திருந்த தவரத்தினத்துக்கு, அவள் சொல்லாமல் விட்டது நெஞ்சைப் பிளந்தது.

ஹிஷாம் மெதுவாகக் கேட்டார்: "ஒன்பது வயதுப் பிள்ளை பேச்சு எழுதாது. யார் எழுதித் தந்தது?"

"ஞாபகமில்லை" என்றாள் மிருணாளினி.

பெற்ற மகளைப் பொய் சொல்ல வைத்துவிட்டுத் தகப்பன் கதிரையில் இருந்தார். ஹிஷாம் எழுந்து வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து பக்கத்தில் நின்றார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"எழும்பு தவா" என்றார் அடங்கிய குரலில். "பிள்ளை அங்கே தனியே நிற்கிறாள்."

தவரத்தினம் எழுந்தார். தனக்கு முன்னாலிருந்த கதிரையொன்றைப் பிடித்துக்கொண்டார். லா சப்பலின் அத்தனை பிள்ளைகளுக்கும் வசனம் எழுதிக் கொடுத்தவருக்குத் தனக்கென்று ஒரு வசனம் கிடைக்கவில்லை. கடைசியில், "நான்தான் எழுதினனான். அவளுக்கு ஒண்டும் தெரியாது. பிறகும் உன்னட்டைப் பொய் சொன்னனான்" என்றார். சொன்னது முழுக்கத் தமிழில். மண்டபத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அவள் மொழிபெயர்ப்பாள் என்று எல்லோரும் மிருணாளினியைப் பார்த்தார்கள்.

அவள் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிரெஞ்சிலை சொல்லுங்கோ, அப்பா."