லிஃப்டிலிருந்து இறங்கியவள்

வெளிநாடு போய்விட்ட நர்ஸ் ஒருத்திக்காக, கல்யாணப் பேச்சையெல்லாம் தட்டிக்கழித்தே வயதாகிப் போனவர் அந்த லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. கதவை நெம்பித் திறந்து, உள்ளே மாட்டிக்கொண்டிருந்த அம்மாளைக் கைகொடுத்து இறக்கினார்.

"ரொம்ப நன்றிண்ணே."

குரலைக் கேட்டதுமே அவள்தான் என்று தெரிந்துவிட்டது. தான் யாரென்று சொன்னார்.

அவள் அவரையே வெகுநேரம் பார்த்தாள். "நீங்க தேடுற பொண்ணு இப்ப இல்ல. எங்க போனான்னு எனக்குள்ளேயே நானும் தேடிப் பார்த்துட்டேன்," என்றாள் கண்கலங்க.

அவள் போனதும் லிஃப்டுக்குள் ஏறினார். கண்ணாடியில் நரைத்த ஆள் ஒருவர் நின்றார். காத்திருந்த இளைஞனையும் காணவில்லை. ஏக்கம் மட்டும் துளியும் குறையவில்லை. அது யாருடையது என்று புரியாமலேயே, கருகிய ஒயரைக் கழற்றத் தொடங்கினார்.