சுதர்ஷினி வெளிச்சத்தில் வைத்த பவளம்

கடலை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காத சுதர்ஷினி, ஒரு கடல் ஜீவனை மூன்று மாதம் கைக்குள் வைத்துக் காப்பாற்றினாள் என்று சொன்னால் நமுனுகுலத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் பாதிப்பேர் நம்புவதில்லை. மீதிப்பேர், அதைக் கெடுத்ததே அவள்தானே என்கிறார்கள். இரண்டாவது கூட்டம் சொல்வதும் உண்மைதான். அவளே வாய் திறந்து சொன்னதால்தான் அது அவர்களுக்குத் தெரியும். பேசாமல் இருந்திருந்தால் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருப்பார்கள்.

பதினெட்டு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்த நாளிலிருந்து அவளுக்குத் தவறணையில்தான் வேலை, தேயிலைக் கன்று வளர்க்கிற இடத்தில். ஒற்றை இலையோடு வெட்டிய துண்டைப் பையில் ஊன்ற வேண்டும், மேலே நிழல்வலை கட்ட வேண்டும், வேர் பிடித்தபின் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கன்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும். இருபத்திரண்டு வருசம் அவள் இதைத்தான் செய்தாள். நிழல் கூடினால் கன்று சோம்பிப்போகும், வெயில் கூடினால் கருகிப்போகும், இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அந்தப் பக்குவம் அவளுக்கு அத்துப்படி. அப்புறம் தோட்டத்தில் புதுக் கன்று நடுவதையே நிறுத்திவிட்டார்கள். தவறணைக் கம்புகள் அடுப்புக்குப் போயின. கொழுந்தெடுக்க வரச்சொல்லிக் கங்காணி ஆள் அனுப்பினார். மலை ஏறுவதற்கு அவளுடைய முழங்கால் சம்மதிக்கவில்லை. அதனால் நாற்பதாவது வயதில், காலை பஸ் ஏறிப் பதுளை டவுனில் ஸனூஸ் முதலாளியின் சாப்பாட்டுக் கடைக்குத் துப்புரவு வேலைக்குப் போனாள்.

கடையின் மேல்மாடியில் குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை இருந்தது. அங்கே சுவரோரம் ஒரு கண்ணாடித் தொட்டி. உப்புத்தண்ணீர்த் தொட்டி. முதலாளியின் ஒரே மகன் றுஷ்தி கொழும்பில் கடல்மீன் ஏற்றுமதிக் கம்பனி ஒன்றில் ஐந்து வருசம் வேலை செய்துவிட்டு, ஊருக்கு வந்ததும் ஆசை ஆசையாக வைத்தது. வைத்து ஒரு வருசம் முடியவில்லை, மழைநாள் ஒன்றில் மோட்டார் சைக்கிளோடு வளைவில் விழுந்து போய்ச் சேர்ந்தான். இருபத்தெட்டு வயது. வயிறு எரிகிற சாவு.

அவன் போனபின் தொட்டியைப் பார்க்க ஆளில்லை. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசியில் மிஞ்சியது சங்குக்குள் குடியிருக்கிற ஒரு துறவி நண்டும், மணலில் கிடந்த ஒரு தட்டுப் பவளமும்தான். தேநீர்க் கோப்பைச் சோஸர் அளவில் வட்டமாக, காளானைத் திருப்பிப் பார்த்தால் தெரிகிற கோடுகள் மாதிரி நடுவிலிருந்து விளிம்புவரை வரிவரியாக, பச்சையும் கபிலப் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். பாறையில் ஒட்டாது, சும்மா மணலில் கிடக்கும். கடலில் பிடுங்கியதில்லை, வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்து அத்தாட்சிக் கடதாசியோடு வந்தது என்று றுஷ்தி எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை பின்நேரங்களில் அவனுடைய தாய் ஷாகிரா படியேறி வந்து அந்தத் தொட்டிக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்காருவார். யாரோடும் பேச மாட்டார். மகன் கைபட்டு வந்ததில், அந்த நண்டை விட்டால், உயிரோடு இருப்பது பவளம் ஒன்றுதான். அதைப் பார்த்துவிட்டுப் போனால் அவருக்கு அடுத்த வெள்ளிவரை ஓடும். கடையில் எல்லாருக்கும் அது தெரியும். அவர் இருக்கும்போது யாரும் அந்தப் பக்கம் தட்டுமுட்டுச் சத்தம் போட மாட்டார்கள்.

தொட்டியின் கண்ணாடி துடைப்பது சுதர்ஷினியின் வேலை. ஒரு திங்கட்கிழமை அவள் பார்த்தாள், பவளம் பாறை நிழலுக்குள் கிடந்து கறுத்தமாதிரி இருந்தது. அவளுக்குத் தவறணைப் புத்திதானே. நிழலில் சோம்பிப்போய்க் கிடக்கிறது, பாவம் என்று நினைத்தாள். கன்றாக இருந்தால் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்திருப்பாள். இதுதான் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறதே, தண்ணீரே ஒரு வலை மாதிரித்தானே, எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் காணாது என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டாள். கையை விட்டுத் தூக்கிப் பாறையின் உச்சியில் வைத்தாள். தொட்டிக்கு மேலிருந்த நீல விளக்கின் பொத்தானைக் கடைசிவரை திருப்பிவிட்டாள். மனசுக்கு நல்லது செய்த திருப்தி வேறு!

பத்து நாளில் பவளம் வெள்ளையாகிவிட்டது. ஒரேயடியாக, சுண்ணாம்பு வெள்ளை. அவசரம் அவசரமாகப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள், விளக்கையும் குறைத்தாள். வெள்ளை வெள்ளையாகவே கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஷாகிரா வந்தார், பார்த்தார். உட்காரக்கூட இல்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனார். அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று முதலாளி சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது சுதர்ஷினியின் காதில் விழுந்தது. அதெல்லாம் செத்த சாமான், நோன்பு வருவதற்குள் தொட்டியைக் காலி பண்ணிவிட்டு அங்கே இரண்டு மேசை போடுவோம் என்றும் அவர் சொன்னார். நோன்புக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

நான்தான் தூக்கி வைத்தேன் என்று சுதர்ஷினி அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது என்ற பயம் அதைவிடப் பெரிது. பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வோம் என்று நினைப்பாள். விடிந்தால் அந்தத் தைரியம் எங்கேயோ போய்விடும்.

ஆனால் அவள் சும்மாவும் இருக்கவில்லை. செத்த கன்றையும் வாடிய கன்றையும் பிரித்தறிவதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நகத்தால் தோலைக் கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதைக் கீற முடியாதே. அதனால் விரலைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, விளிம்பைத் தொட்டும் தொடாமலும் தடவிப் பார்த்தாள். கல்லின் சொரசொரப்பு இல்லை. வழுவழுவென்று, நொங்குத்தோல் மாதிரி ஏதோ ஒன்று கல்லை மூடியிருந்தது. சாயங்காலம் விளக்கு அணைந்த கொஞ்ச நேரத்தில் குனிந்து பார்த்தால், நடுவில் இருந்த கீற்று இலேசாகத் திறந்திருந்தது. அதைச் சுற்றி மயிரிழை மாதிரி முளைகள் நீட்டிக்கொண்டு நின்றன. செத்தது வாயைத் திறக்குமா?

மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களில் கிஷாந்தன் என்றொரு விலங்கியல் மாஸ்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பொடியன், பதுளைக்கு மாற்றலாகி வந்தவர். சோற்றுக் கையோடு அவரை மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவர் ஃபோன் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்து நன்றாகப் பார்த்தார்.

"அக்கா, இது சாகேல்லை, வெளிறிப் போச்சு, அவ்வளவுதான்," என்றார். "இதின்ர சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும். நிறமும் அதுதான், சாப்பாடும் அதுதான். வெளிச்சமோ சூடோ கூடினா இது அந்தப் பாசியை வெளியில தள்ளிப்போடும். சதை கண்ணாடி மாதிரி இருக்கிறதால அடியில கிடக்கிற எலும்பு வெள்ளையாத் தெரியுது. செத்ததெண்டால் இவ்வளவு நாளைக்குள்ள வெறும் எலும்பில பச்சை படர்ந்திருக்கும்."

பாசி திரும்பி வருமா என்று கேட்டாள்.

"வரலாம். அதுவரைக்கும் பட்டினியில போகாமப் பாக்கோணும்."

தொட்டிக்குக் கீழ் அலுமாரியில் றுஷ்தியின் கொப்பி ஒன்று இருந்தது. நல்ல கையெழுத்து. வற்றுகிற தண்ணீருக்கு உப்பில்லாத வடிகட்டிய தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று எல்லாம் ஒழுங்காக எழுதி வைத்திருந்தான் பிள்ளை. எழுதியவன் இல்லையே என்று நினைத்து அவள் முதல்நாள் அந்தக் கொப்பியை மூடிவைத்துவிட்டு அழுதாள். மறுநாளிலிருந்து எழுத்துப் பிசகாமல் அதன்படி செய்தாள்.

வீட்டில் பழைய நிழல்வலைத் துண்டு ஒன்று கிடந்தது. கோழிக்கூட்டில் கட்டியிருந்ததை அவிழ்த்துக் கழுவிக்கொண்டு வந்து, நாலாக மடித்துத் தொட்டியின் மேல் விளக்குக்கு அடியில் விரித்தாள். முதலில் போட்ட கணக்கு பிழை என்று தெரிந்தபின் இனிச் சரியான கணக்குத்தான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு மடிப்பை எடுப்பாள், அதற்கு மேல் இல்லை. சமையல்கட்டில் இறால் உரிக்கும்போது உப்பும் தூளும் படாத ஒரு துண்டை வாங்கி, குருணை அளவுக்கு நறுக்கி, விளக்கணைந்தபின் தண்ணீர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, உறிஞ்சு குழாயால் அதன் வாயில் வைப்பாள். முதல் வாரம் அது தொடவே இல்லை. இரண்டாம் வாரம் நண்டு வந்து துண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சனியன் என்று திட்டிவிட்டு, பிளாஸ்டிக் போத்தலின் மேற்பாதியை வெட்டி ஓட்டைகள் போட்டுப் பவளத்தின் மேல் தொப்பியாகக் கவிழ்த்தாள். போத்தலின் வாய்வழியாகத் தீனி. மூன்றாம் வாரம் ஒருநாள் அந்த மயிரிழைகள் இறால் துண்டைப் பிடித்துக் கீற்றுக்குள் மெல்ல மெல்ல இழுத்தன. கால்மணி நேரம் எடுத்தது. அன்றைக்கு அவள் பஸ்ஸைத் தவறவிட்டாள்.

ஆறாவது வாரம் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். ஒரு பக்க விளிம்பில் சதை பின்வாங்கி, விரல்நுனி அகலத்துக்கு எலும்பு தெரிந்தது. அந்த எலும்பில் பச்சை படரத் தொடங்கிவிட்டது. கிஷாந்தன் மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். முதலாளி மேலே வந்து, என்னம்மா இந்தச் செத்ததைப் போட்டு மாரடிக்கிறாய், பேசாமல் எடுத்து வெளியில் வை என்றார். நோன்பு வரைக்கும் விட்டுவிடுங்கள் ஐயா என்று கெஞ்சினாள். அவருக்கு அவளைப் பார்க்க ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு என்ன விசுவாசம் என்று கீழே போய்ப் பெருமையாகப் பேசினார். அந்தப் பேச்சு அவளைச் சவுக்கால் அடித்தமாதிரி இருந்தது. விசுவாசம் என்ன விசுவாசம், குற்றம் செய்தவளின் பதற்றம் அது.

நல்ல காலம், பின்வாங்கிய சதை அந்த இடத்தோடு நின்றது. இரண்டாவது மடிப்பையும் எடுத்து இரண்டு வாரம் போனபின் ஒரு காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியோடு அப்படியே நின்றாள். வாயைச் சுற்றியிருந்த வரிகளுக்கு இடையில் தேயிலைச் சாயத்தண்ணீர் சிந்தி ஊறினமாதிரி ஓர் இளங்கபிலம். கண்ணாடி அழுக்கோ என்று மறுபடியும் துடைத்தாள். அழுக்கில்லை. ஒவ்வொரு வாரமும் அது வெளிப்பக்கமாகப் பரவியது. நோன்புக்குப் பத்து நாள் இருக்கும்போது விளிம்பில் பச்சை தெரிந்தது. அந்த விரல்நுனித் துண்டு மட்டும் மொட்டையாகவே கிடந்தது.

அம்மாவை ஒருதரம் கூட்டிக்கொண்டு வாங்க ஐயா என்று முதலாளியிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமை பின்நேரம் ஷாகிரா வந்தார். மெலிந்துபோயிருந்தார், முந்தானைக்குள் இரண்டு கையையும் சுருட்டி வைத்திருந்தார். தொட்டியைப் பார்த்தார். "யா அல்லாஹ்," என்று வாய்க்குள் சொன்னார். கதிரையில் உட்கார்ந்து அழுதார். முதலாளி சுதர்ஷினியைக் காட்டி, எல்லாம் இந்தப் பிள்ளையின் வேலைதான் என்றார். ஷாகிரா திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் இருந்த நன்றியைத் தாங்குவதற்கு அவளால் முடியவில்லை. முதலாளி கீழே போகும்வரை காத்திருந்தாள்.

"அம்மா, இது தானா வெளிறலங்க," என்றாள். "நான்தான் தூக்கிப் பாறை மேல வச்சேன். வெளிச்சத்தையும் கூட்டிவிட்டேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். பயத்துல இவ்வளவு நாளா சொல்லலங்க."

ஷாகிராவின் அழுகை நின்றது. ஏசுவார், போகச் சொல்வார் என்று அவள் நின்ற இடத்தில் நின்றாள்.

"எப்ப?"

"அந்தத் திங்கக்கெழமங்க. நீங்க வந்து பாத்துட்டுப் போன வெள்ளிக்கு முந்தின வாரம்."

ஷாகிரா முந்தானைக்குள்ளிருந்து வலது கையை வெளியில் எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார்.

"அந்த முந்தின வெள்ளி நான் இதத் தொட்டன், புள்ள," என்றார். "மகன் தொட்ட சாமான்டு கைய விட்டுத் தடவினன். கையில அத்தர் பூசி இருந்தன். அடுத்த வெள்ளி வந்து பாத்தா வெள்ளையாக் கெடக்கு. என்ட கையாலதான் போச்சு, மகன்ட கடைசிச் சாமானையும் நானே கொன்னுட்டன்டு மூணு மாசம்... இந்தக் கையால சோறு திங்கவும் மனசு வரல்ல."

ஒரு வார்த்தை, அன்றைக்கே ஒரேயொரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பவளத்துக்கு வேளாவேளைக்குத் தீனி வைத்துக்கொண்டு, ஒரு மனுஷியைப் பட்டினி போட்டிருக்கிறாள். மன்னிச்சுக்கங்க என்று சொல்லக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஷாகிரா எழுந்து போகவில்லை. கீழே பாங்குச் சத்தம் கேட்டது, தெருவில் பஸ்கள் போயின, ஆறு மணிக்கு விளக்கு தானாக அணைந்தது. வழக்கம்போலச் சுதர்ஷினி தண்ணீர் ஓட்டத்தை நிறுத்தினாள். இறால் துண்டுகள் இருந்த கிண்ணத்தையும் குழாயையும் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அப்போது ஷாகிரா வலது கையை நீட்டினார்.

குழாயில் துண்டை ஏற்றிக் கொடுத்தாள். ஷாகிரா அதைத் தண்ணீருக்குள் இறக்கினார். துண்டு பவளத்தின் வாய்க்குப் போகாமல் நழுவி மணலில் விழுந்தது. ஷாகிரா சுதர்ஷினியின் பக்கம் திரும்பாமலே கையை மறுபடியும் நீட்டினார்.

"இன்னொண்டு தா," என்றார்.