நல்லெண்ணெய் பட்ட பிள்ளை

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எவளுக்கு இடுப்பு வலி கண்டாலும் தனலெட்சுமியைத்தான் கூப்பிடுவார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவருவாள். பிள்ளையைக் குளிப்பாட்டி, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் நீவி, நாக்கிலும் ஒரு சொட்டு விடுவாள். பெற்றவளுக்கு அதே எண்ணெயில் காயமருந்து கிண்டித் தருவாள். ஊரிலிருந்து கப்பலேறி வந்த வழக்கம். அதில் யார் குற்றம் காண்பார்கள்?

அவள் மகள் புஷ்பத்துக்குத்தான் பிள்ளை தங்கவில்லை. இரண்டும் உடம்பு சிவந்து, தடித்து, மூச்சு இழுத்துப் போயின. செவ்வாப்பு நோய் என்றார்கள். பூசாரி மந்திரித்த கயிறு கட்டினார். எமன் கயிற்றுக்கா பயப்படுவான்?

மூன்றாவது பிறந்தபோது அடைமழை. மலை சரிந்து பதுளை ரோடு அடைபட்டது. கடையில் சொட்டு எண்ணெய் இல்லை. தனலெட்சுமி பிள்ளையை வெந்நீரில் துடைத்ததோடு விட்டாள். பிள்ளை பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படாமல், எண்ணெய் படாததால்தானோ என்று அவள் கணக்குப் போட்டாள். ரோடு திறந்து எண்ணெய் வந்ததும் காலில் லேசாகத் தடவினாள். விரல் போன வழியெல்லாம் தடிப்பு எழும்பியது. துடைத்துப் போட்டாள், போத்தலை ஒளித்தாள், தாய்ப்பாலில் இறங்குமோ என்று காயமருந்தும் கிண்டவில்லை. காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வாள்?

பேர் வைக்கிற அன்று மருமகனின் அக்காள் பாக்கியலெட்சுமி கொஸ்லந்தையிலிருந்து வந்தாள், எண்ணெய்க் கிண்ணத்தோடு.

"எண்ணெ காணாத பச்சப்புள்ள தேறுமா அத்த? நாக்குல ஒரு சொட்டு விடுறேன், தள்ளுங்க."

"வேணாம் தாயி. இந்தப் புள்ளைக்கு அது ஆகாது."

"ஊர்ப் புள்ளைக்கெல்லாம் ஊத்துனீங்க, சொந்தப் பேரனுக்கு மட்டும் ஆகாதாக்கும்!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். இன்று தடுத்தாலும், நாளைக் காலையில் தான் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனபிறகு எவளாவது விடத்தான் போகிறாள். தனலெட்சுமி கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, பிள்ளையின் தொடையில் ஒரே ஒரு கோடு இழுத்தாள்.

"பாத்துக்கிட்டே இருங்க."

சிரிப்பு நின்றது. கோடு சிவந்து, இரத்தம் குடித்த அட்டை போல வீங்கியது. பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சு. பிள்ளை மூச்சுக்குத் தவித்தது. பாக்கியலெட்சுமி கிண்ணத்தைக் கீழே போட்டாள். தனலெட்சுமி தொடையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள், "போயிராதடா சாமி, போயிராதடா" என்று பிதற்றிக்கொண்டே. பொழுது சாயும்போதுதான் மூச்சு சீரானது.

அதன்பிறகு அந்த லயத்தில் எவளும் எண்ணெய்க் கையோடு பிள்ளை பக்கம் போகவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டான். புஷ்பம்தான் அன்று தாயிடம் ஒன்று கேட்டாள்.

"மொத ரெண்டுக்கும் நாக்குல விட்டது நீதானம்மா?"

தனலெட்சுமி ஆமென்று தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு புஷ்பம் பிள்ளையை அவள் கையில் கொடுக்கவே இல்லை.