ஹாரன் அடித்தால் எரியும் விளக்கு

எனக்குக் காது மந்தமானதை வீட்டில் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான். மகள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானோ, எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டார்கள் என்று குறைபட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் செங்கம் சாலையில் ஒரு பஸ்காரர் என் ஜீப்பை மறித்து நிறுத்தி, இறங்கி வந்து திட்டினார். ஒரு கிலோமீட்டராக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாராம். அவர் திட்டியதிலும் எனக்குப் பாதிதான் கேட்டது. மீதியைக் கையசைப்பிலிருந்து புரிந்துகொண்டேன்.

விஷயம் எனக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டில் நானும் மகளும்தான். அவள் தண்டராம்பட்டு சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வகுப்பில் பேசுகிற குரலிலேயே சொன்னாள்.

“வித்துடலாம்பா.”

அது பழைய ஜீப். இரண்டாம் கையாக வாங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி எனக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த வரப்புப் பாதைக்கு அதை விட்டால் வேறு வண்டி போகாது. இதெல்லாம் அவளிடம் சொல்வதற்கான காரணங்கள். உண்மை என்னவென்றால் எனக்குப் பயமாக இருந்தது. ஜீப் போய்விட்டால், காலையில் எழுந்து காபி குடித்துவிட்டு அப்புறம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

காது மிஷின் வாங்கினோம். வீட்டில் நன்றாகத்தான் வேலை செய்தது. ஜீப்பில் ஏறினால் டீசல் எஞ்சின் இரைச்சலைத்தான் கூட்டிக் காட்டியது. நேராகப் பாயிடம் போனேன். தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவர். என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“சார், இண்டிகேட்டரு போட்டா டிக்டிக்னு வர்ற சத்தமே உங்களுக்குக் கேக்காது. அப்படியே போட்டுக்கினு நிலம் வரைக்கும் போவீங்க. அதுக்கு ஒரு பல்பு. எஞ்சின் சத்தத்த வச்சித்தான கியரு மாத்துவீங்க? அதுக்கு ஒரு மீட்டரு.”

“ஹாரனுக்கு?”

“ரெண்டு நாள் டைம் குடுங்க.”

இரண்டு நாள் கழித்து ஒரு சின்ன சர்க்யூட் போர்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கல்யாண மண்டபத்தில் பாட்டுக்கு ஏற்றபடி ஆடும் சீரியல் விளக்கிலிருந்து கழற்றியதாம். பின் நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒரு மைக், ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே ஒரு மஞ்சள் விளக்கு. பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் விளக்கு எரிய வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்ததுமே விளக்கு குத்தாட்டம் போட்டது. பாய் சளைக்கவில்லை. மைக்கைச் சுற்றி ஸ்பாஞ்சு அடைத்து, ஒரு புனலுக்குள் வைத்து, சைலன்சருக்கு எதிர்ப்பக்கமாக மாற்றிக் கட்டினார். எவ்வளவு சத்தத்துக்கு விளக்கு எரிய வேண்டும் என்று ஜாஸ்தி கம்மி செய்துகொள்ள டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு திருகும் வைத்தார். பிறகு சந்து முனையில் நின்ற ஆட்டோக்காரரை ஹாரன் அடிக்கச் சொன்னார். விளக்கு எரிந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மகள் வந்து பார்த்தாள். எல்லாவற்றையும் நம்பாமலே பார்க்கிற பார்வை, விடைத்தாள் திருத்தித் திருத்தி வந்தது.

“ஒரு நாள் உன் பின்னாடி நான் ஸ்கூட்டர்ல வருவேன். எந்த இடம்னு சொல்லமாட்டேன். ஹாரன் அடிப்பேன். வழி விட்டீன்னா வண்டிய வச்சிக்க. விடலன்னா வித்துடணும்.”

சரி என்றேன்.

மறுநாள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தேன். வீதியில் திரும்பியதும் எரிந்த விளக்கு, பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்வரை அணையவே இல்லை. நம் ஊரில் முன்னால் ஆள் இருந்தாலும் அடிப்பார்கள், இல்லாவிட்டாலும் அடிப்பார்கள், தெரிந்தவரைப் பார்த்தால் இன்னும் இரண்டு அடி சேர்த்து அடிப்பார்கள். கண்ணெதிரே விடாமல் எரிந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எனக்கு ஏற்கனவே கோபம் மூக்கின் மேல் நிற்கும். குனிந்து திருகைக் குறைத்தேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். விளக்கு மரியாதையாக, பஸ்ஸும் லாரியும் ஒட்டிக்கொண்டு வந்தபோது மட்டும் எரிய ஆரம்பித்தது. நானாகவே சரிசெய்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. பாயிடம் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் நிலத்துக்குக் கிளம்பினேன். மகள் கிளம்பினாளா இல்லையா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழ்பென்னாத்தூர் சாலையில் ஒரு பஸ் வந்தது, விளக்கு எரிந்தது, ஒதுங்கினேன். ஒரு டிப்பர் லாரி வந்தது, எரிந்தது, ஒதுங்கினேன். பிறகு ரொம்ப தூரம் எதுவும் இல்லை. வேப்பமரத்துக்கு அடியில் இருந்த டீக்கடையில் நிறுத்திவிட்டு, எங்கே இவளைக் காணோம் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

பின்னாலேயே வந்து நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். அழுதிருந்தாள்.

“நாலு கிலோமீட்டர்ப்பா. கையே எடுக்கல நான்.”

திருகைப் பற்றி அங்கேயே சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு அவள் கேட்ட கேள்விதான் என்னைக் குத்தியது.

“சைடு கண்ணாடி இருக்கில்ல? அதப் பாக்கலயா?”

பார்க்கவில்லை. விளக்கு வந்த நாளிலிருந்து கண்ணாடி பக்கமே என் கண் போகவில்லை. காது போன பிறகு எனக்கு மிச்சமிருந்தது அந்தக் கண்ணாடி ஒன்றுதான், அதையும் நானே விட்டிருக்கிறேன். சாவியை எடுத்து அவளிடம் நீட்டினேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அவளிடம் சாவி வாங்கி ஜீப்பை வீடு கொண்டுவந்து சேர்த்தது டீக்கடைக்காரரின் தம்பி; சாவி மறுபடி அவள் பைக்கே போனது. நான் அவள் பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்து வந்தேன்.

மறுநாள் நடந்தே பாயிடம் போய் ஒப்புக்கொண்டேன். கையிலிருந்த ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தார்.

“ஊருக்குள்ள எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது சார். அங்க யாரு வேகமா போறாங்க? ஊரு தாண்டினாத்தான் அதுக்கு வேலையே. எரிஞ்சா கண்ணாடியப் பாருன்னு அர்த்தம். கண்ணாடிக்குப் பதிலா இதப் பாக்காதீங்க.”

வீட்டுக்கு வந்து திருகைப் பழையபடி வைத்து, அதன் மேல் பசை ஊற்றி அடைத்தார். இடதுபக்கம் பெரிய கண்ணாடி ஒன்றும் மாட்டினார். ஆனால் சாவி அவள் பையில் இருந்தது. விற்பதாக ஒத்துக்கொண்டவன் நான், கேட்க வாய் வரவில்லை. மூன்று நாள் ஜீப்பைத் துடைத்தேன். நான்காம் நாள் துடைக்கவும் எதுவும் மிச்சமில்லை.

ஐந்தாம் நாள் காலையில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் சாவி இருந்தது. அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“பௌர்ணமி அன்னிக்கு எடுக்கக் கூடாது, கிரிவலக் கூட்டம் இருக்கும். இருட்டறதுக்குள்ள வந்துடணும்” என்றாள். ஏன் மனசு மாறினாள் என்று நான் கேட்டுக் கெடுத்துக்கொள்ளவில்லை.

ஊருக்குள் விளக்கு எரிந்துகொண்டே வந்தது. விட்டுவிட்டேன். கடைசி வீடுகள் தாண்டியதும் அணைந்தது. இருபக்கமும் மணிலாக் கடலை பூத்திருந்தது, எனக்கு மனசு லேசாக இருந்தது. திடீரென்று விளக்கு பளிச்சென்று எரிந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை. ஒரே ஒரு ஸ்கூட்டர், அதில் என் மகள். அவள் பள்ளிக்கூடம் ஊருக்கு நேர் எதிர்த் திசையில்.

ஒதுங்கி வழி விட்டேன். பக்கத்தில் வந்தபோதுதான் கவனித்தேன். ஸ்கூட்டரின் முன்னால் காருக்குப் போடுகிற சிவப்பு ஹாரன்கள், நத்தை வடிவில் இரண்டு. முந்தின நாள் மாலை பாயிடம் போய் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தக் குட்டி வண்டிக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு நேராக வந்ததும் இன்னொரு தடவை அழுத்தினாள்.

அந்தச் சத்தத்துக்கு எனக்கு விளக்கு தேவைப்படவில்லை. எஞ்சின் இரைச்சலைத் தாண்டி என் காதிலேயே கேட்டது.