சதுரக்கோட்டுத் தாள்

கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

கொழும்பு வெள்ளவத்தையில் நான் பரிமாறிய சாப்பாட்டுக் கடைக்குத் தடித்த கண்ணாடி போட்ட கிளார்க் ஐயா ஒருவர் வருவார். எதையும் படம் கீறித்தான் சொல்வார். ஒரு வருஷம் பட்ஜெட் வாசித்த மறுநாள் சதுரக்கோட்டுத் தாளில் கட்டங்களைக் கறுப்பாக்கினார்.

"இந்த ஒரு கட்டம் பள்ளிக்கூடங்களுக்கு. கறுப்பு முழுக்கச் சண்டைக்கு. மிச்சம் கடனுக்கு. விளங்குதோ தம்பி?"

"ஓம் ஐயா, இப்பத்தான் விளங்குது."

அப்போது சோதனைக்கு வந்த பொலிஸ்காரர் தாளைப் பறித்து, எந்த இராணுவ முகாமின் வரைபடம் என்று சிங்களத்தில் கேட்டார். பட்ஜெட் என்றார் ஐயா. பொலிஸ்காரர் என்னிடம் திரும்பி, சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டார்.

"மல்லி, இது என்ன?"

"எனக்கு ஒண்டும் தெரியாது சேர்."

ஐயா என்னை ஒருதரம் பார்த்துவிட்டு பொலிஸ் ஜீப்பில் ஏறினார். பிறகு அவர் கடைக்கு வரவேயில்லை. கறுப்புக் கட்டங்கள் கூடிக்கொண்டே போவது மட்டும் எனக்கு விளங்குகிறது.

2007, பட்ஜெட் வாசித்த நாள்.