மத்தூரிலிருந்து ஓசூருக்கு ஒரு ஜோடி இறக்கை

நான் செய்த இறக்கைகளின் படத்தை இந்த ரசிகர் பக்கத்தில் போட்டபோது, கீழே ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "இது கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த படம். கையால் யாரும் இப்படிச் செய்ய முடியாது." அதற்கு நிறையப் பேர் விருப்பக்குறி வேறு போட்டிருந்தார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். அந்த வாரமே ஓசூரில் ரசிகர் சந்திப்பு என்று அறிவிப்பு வந்தது. வேடமிட்டு வருபவர்கள் மேடையில் நடக்கலாமாம். நேரில் கொண்டுபோய்க் காட்டிவிட்டால் பேச வேண்டிய அவசியமே இல்லை என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். மூட்டை முடிச்சோடு இப்படிப் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: "பாறைக் காவலர்கள்" என்பது வெள்ளிக்கிழமைதோறும் போனில் வரும் தமிழ்ப் படக்கதை. அதில் செம்போத்தி என்று ஒருத்தி. செம்போத்துப் பறவையைப் போல செங்கல் நிற இறக்கை அவளுக்கு. ஓர் அத்தியாயம் முழுக்க மூன்று வார்த்தைதான் பேசுவாள். எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

எனக்குப் பதினெட்டு வயது. பத்தாவதோடு பள்ளியை விட்டுவிட்டேன். இப்போது பர்கூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. இறக்கைக்கு வேண்டிய ஃபோம் ஷீட், தொழிற்சாலைகளிலிருந்து பழைய சாமான் கடைக்கு வரும் பேக்கிங் கழிவு. எலும்புக்குப் பிளாஸ்டிக் பைப். ஒவ்வோர் இறகையும் காம்போடு வெட்டி, வண்ணம் பூசி, சொல்யூஷன் பசை போட்டுத் துணியில் ஒட்டினேன். நிறத்துக்குத்தான் அதிகம் அழுதேன். போனில் ஒரு சிவப்பு, டப்பாவில் ஒரு சிவப்பு, காய்ந்த பிறகு இன்னொரு சிவப்பு. மூன்றாவது வரிசையைச் செய்து முடித்த வெள்ளிக்கிழமை வந்த அத்தியாயத்தில், அந்த வரிசைக்குக் கறுப்பு நுனி வைத்து வரைந்திருந்தார்கள். மறுபடி முதலிலிருந்து. ரசிகையாக இருப்பதில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

மத்தூரில் காலை ஆறரைக்கு டவுன் பஸ். கிருஷ்ணகிரிக்குச் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம் ஆகும். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஞாயிறு காலை என்பதால் கூட்டமும் இல்லை. இறக்கைகளை மடக்கி, பெட்ஷீட்டில் சுற்றி, பின்சீட்டில் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் ஜெனி காத்திருந்தாள். கம்பெனியில் எனக்கு அடுத்த மிஷினில் உட்காருபவள். படக்கதை படிக்க மாட்டாள். ஆனால் என்னைத் தனியாக அனுப்பவும் மாட்டாள்.

"உன் றெக்கைக்காக இன்னிக்குச் சர்ச்சுப் பூசைய விட்டுட்டு வந்திருக்கேன். சாமியாரு கேட்டா உன்னத்தான் காட்டிக் குடுப்பேன், பாத்துக்கோ."

ஓசூர் பஸ் வந்ததும் ஜெனி பின்படியில் ஏறிச் சீட்டில் கர்ச்சீப் போட ஓடினாள். நான் மூட்டையோடு முன்படியில் ஏறினேன். அங்கேதான் கண்டக்டர் நின்றிருந்தார்.

"என்னாம்மா இது, இம்மாம் பெரிசா?"

பஸ்ஸில் இருந்த எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. "இறக்கை" என்று சொல்லியிருக்க வேண்டும்.

"பெட்ஷீட்டுண்ணா."

"பெட்ஷீட்டா? அப்ப இன்ஜின் மேல போடு கண்ணு. அதுக்கு என்னா ஆவப்போவுது."

டிரைவர் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மூடியின் மேல் மூட்டையை வைத்துவிட்டு, பின்னால் ஜெனியிடம் போய் உட்கார்ந்தேன். டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய். மூட்டைக்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. பெட்ஷீட்டுக்கு யார் கேட்பார்கள்?

ஓசூர் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வழியெல்லாம் ஏற்றம்தான். சூளகிரி தாண்டியதும் காற்று குளிர்ந்துவிடும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏற்றம் என்றால் இன்ஜின் கொதிக்கும். சொல்யூஷன் சூடு பட்டால் இளகும். ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும்போது, முதலில் ஹீட்டருக்குள் அனுப்பிப் பசையை இளக்கும் வேலையைத் தினமும் பார்க்கிறவள் நான். மண்டபத்தில் முதல் அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்ததில், அது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கி மூட்டையைத் தூக்கினேன். உள்ளே ஏதோ சரிந்தது. ஓரமாகப் போய்ப் பிரித்தோம். பாதிக்கு மேல் இறகுகள் துணியை விட்டுக் கழன்று, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒட்டியவற்றைப் பிரித்து எடுத்தால் இறகுகள் நன்றாகத்தான் இருந்தன. துணிதான் சுருங்கி, கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"வீட்டுக்குப் போலாம் ஜெனி."

"போயி? கம்ப்யூட்டர் போட்ட படம்னு சொன்னவங்களுக்கு ஆமாங்கன்னு எழுதிடறியா?"

கழன்ற ஓர் இறகைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். நாங்கள் உட்கார்ந்த இடத்துக்கு எதிரில் வரிசையாகப் பூக்கடைகள். ஓசூருக்கு வந்தால் ரோஜாவைப் பார்க்காமல் போக முடியாது. ஓர் அக்கா போனில் யாரிடமோ தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டே, கையைப் பார்க்காமல் சரம் கட்டிக்கொண்டிருந்தார். காம்பை நூலில் வைத்து ஒரு சுற்று, ஒரு முடிச்சு. என் கையில் இருந்த இறகைப் பார்த்தேன். அதற்கும் காம்பு இருந்தது.

"அக்கா, பூக்கட்டுற நூல் ஒரு உருண்டை கிடைக்குமா?"

முன்பின் தெரியாதவரிடம் நானாகப் போய்ப் பேசியதை ஜெனி இன்று வரை கம்பெனியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்த அக்கா நூலோடு இறகையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏமி பூவும்மா இது? வாசனையே இல்ல!" என்று சிரித்துவிட்டு, "நாலு நாலா வெச்சுக் கட்டு, நெருக்கமா நிக்கும்" என்றார். நூல் முப்பது ரூபாய்.

சந்திப்பு நடந்த கல்யாண மண்டபம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். நுழைவுக் கட்டணம் நூறு ரூபாய். முந்தின நாள் வரவேற்பின் பெயர்ப்பலகையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. மணமக்கள் பெயருக்குக் கீழே கவசமும் வாளுமாகப் பத்துப் பதினைந்து பேர் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கன்னடம், ஒரு பக்கம் தமிழ், நடுவில் ஆங்கிலம். பேச்சு எல்லாம் படக்கதையில் எனக்குத் தெரிந்த பாறைகளைப் பற்றியும் எனக்குத் தெரிந்த சண்டைகளைப் பற்றியும்தான். என் வாழ்க்கையில் இத்தனை பேர் ஒரே இடத்தில் செம்போத்தியின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சாப்பாட்டுக் கூடத்து ஓரத்தில் தரையில் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தோம். சரமாகக் கட்டி, பைப்புக்குக் குறுக்கே வரிசை வரிசையாக இழுத்து முடிந்தோம். கொஞ்ச நேரத்தில் பெங்களூரில் கல்லூரியில் படிக்கும் ஹரிணி என்ற பெண் வந்து நின்றாள். கறுப்பு நுனி இறகை எடுத்துப் பார்த்தாள்.

"நீங்க... அந்த செம்போத்து றெக்கைப் படம் போட்டவங்களா?"

தலையாட்டினேன்.

"ஐயோ. அந்த கமெண்ட் போட்டது நான்தான்."

ஜெனி விடுவாளா? "வாங்க வாங்க, உங்களத்தான் தேடினோம். கம்ப்யூட்டர் கீழ குந்திப் பூக்கட்டுது, நல்லாப் பாத்துக்கோங்க."

ஹரிணி முகம் சிவந்துவிட்டது. என் முகமும்தான், எதற்கு என்று தெரியவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குக் கட்டத் தெரியாது. எடுத்துக் குடுக்கறேன். எந்த வரிசைக்கு எதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். உண்மையிலேயே தெரிந்திருந்தது. ஓர் இடத்தில் நான் தவறான இறகைக் கேட்டபோது தர மறுத்துவிட்டாள்.

என் முறை வந்தபோது கடைசி முடிச்சின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். செங்கல் நிற இறகுகளுக்கு நடுவே வெள்ளை நூல் அப்பட்டமாகத் தெரிந்தது. மறைக்க நேரம் இல்லை. மேடை ஏறினேன். நடக்க ஆரம்பித்ததும் இறக்கை அசைந்தது. அப்போதுதான் கூட்டத்தில் "ஓ..." என்று ஒரு சத்தம். ஒட்டியிருந்தபோது என் இறக்கை பலகை மாதிரி விறைத்து நிற்கும். இப்போது ஒவ்வோர் இறகும் தனித்தனியாக அசைந்தது, நான் மூச்சு விட்டால்கூட. படக்கதையில் அவள் பறக்கும் முன் வருமே அந்த அசைவு, அதேதான்.

மைக் வைத்திருந்தவர், "நீங்களே செஞ்சதா?" என்று கேட்டார்.

"ஆமா. நூலு தெரியுது பாருங்க" என்றேன்.

செம்போத்தியின் மூன்று வார்த்தைக்கு ஒன்று அதிகம். பரிசு, விளக்கு எரியும் கவசம் போட்டு வந்த பெங்களூர்க்காரருக்குப் போனது. அது நியாயம்தான், அந்தக் கவசம் அவ்வளவு அழகு. ஆனால் போட்டோவுக்கு வரிசை என் முன்னால்தான் நின்றது. முன்பக்கத்தைவிட பின்பக்கத்து முடிச்சுகளைத்தான் எல்லோரும் எடுத்தார்கள். ஹரிணி எடுத்த படத்தைப் பழைய கமெண்டுக்குக் கீழே அவளே போட்டிருக்கிறாள். போய்ப் பாருங்கள்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பசையால் ஒட்டிய எதையும் இன்ஜின் பக்கம் வைக்காதீர்கள். ஒரு நூலுருண்டை பையில் இருக்கட்டும். ஞாயிறு மாலை ஓசூரில் பஸ் நிரம்பி வழியும், ஐந்து மணிக்கு முன் கிளம்பிவிடுங்கள். கூடவே, வாயாடியான ஒரு தோழி கிடைத்தால் நல்லது. இன்னொன்றும் இருக்கிறது. அதை நான் திரும்பி வரும்போதுதான் கற்றேன்.

மாலை பஸ்ஸில் கண்டக்டர் வேறு ஆள். கேள்வி மட்டும் அதே கேள்வி.

"என்னம்மா இது?"

"இறக்கைண்ணா. நான் செஞ்சது. இன்ஜின் மேல வைக்கக் கூடாது."

அவர் பின்னால் திரும்பி, "ஏம்ப்பா, அந்தக் கடைசி சீட்டுல கொஞ்சம் தள்ளி உக்காருங்க, றெக்கை வருது" என்று சத்தம் போட்டார். மூட்டைக்கு இருபது ரூபாய் டிக்கெட்டும் கிழித்தார். கொடுத்தேன்.