கதவக்காவின் பதினோரு நிமிடம்

கருத்தரிப்பு மருத்துவமனையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கதவக்கா. லேபில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் தட்டுகளில் கருக்களை வளர்ப்பது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே வேலை, பத்தொன்பது வருஷமாக அதே வசனம்: "கதவைச் சாத்து!" நர்ஸானாலும் சரி, தரை துடைக்க வந்தவரானாலும் சரி, கதவை ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டு நின்றால் எரிந்து விழுவாள். வீட்டிலும் இதே பாட்டுதான். பஸ் ஓட்டும் கணவர் ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டு யோசித்துக்கொண்டு நின்றால் அடுத்த அறையிலிருந்து குரல் வரும்.

"ஏம்மா, இதுக்குள்ளயும் குழந்தை வெச்சிருக்கியா?" என்பார் அவர்.

அவள் கத்துவதில் நியாயம் இருந்தது. உருவாகிச் சில நாளே ஆன கரு ஒரு தூசிப் பொட்டு. அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரண்டு மீட்டர் டி.என்.ஏ. நூல் சுருண்டு கிடக்கிறது. அப்பன் பாதி, அம்மா பாதி. இந்த இடத்தைப் படி, அந்த இடத்தைப் படிக்காதே என்று இருவரும் அதில் அடையாளங்களை ஒட்டி அனுப்பியிருப்பார்கள். முதல் சில நாளில் கரு அவற்றில் பெரும்பகுதியைக் கழுவிவிட்டுப் புதிதாக ஒட்டிக்கொள்கிறது. படிக்க வேண்டாத பகுதிகள், தண்ணீரில் எண்ணெய்த் துளிகள் ஒன்று சேர்வதுபோலத் திரண்டு மூடிக்கொள்ளும். மற்றவை தளர்ந்து கிடக்கும். துளிகளைச் சேரச் சொல்லி யாரும் உத்தரவு போடுவதில்லை. சூடு, உப்பு, நெருக்கம், அவ்வளவுதான். சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் சேர வேண்டியது சேராமலும் போகலாம். அதற்காகத்தான் முப்பத்தேழு டிகிரியில் அந்த இன்குபேட்டர் பெட்டி. வாசனைகூடக் காற்றோடு உள்ளே போகும் என்று, பத்தொன்பது வருஷமாக வேலை நாளில் அவள் பவுடர் பூசியதில்லை.

அந்த மாதம் பெட்டிக்குள் இருந்த மூன்று கருக்கள் ஒரு தையல்காரப் பெண்ணுடையவை. மருத்துவமனைக்கு வந்த முதல் நாள் வழி தவறி லேப் வாசலில் வந்து நின்று, "கதவைச் சாத்தும்மா முதல்ல!" என்று இவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள். சிரித்துக்கொண்டே சாத்தினாள். அன்றிலிருந்து இவளை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஏற்கெனவே மூன்று முறை தோற்றிருந்தாள். இனி உடம்பு தாங்காது, இதுதான் கடைசி என்று சொல்லியிருந்தார்கள்.

கருக்களைப் பெட்டியில் வைத்த மூன்றாம் நாள் காலை பெரிய டாக்டர் ஆறு விருந்தாளிகளோடு லேபுக்குள் வந்தார். அவருக்கு முன்னால் அவர் அடித்திருந்த சென்ட் வந்தது. வாசனையா அது? கழுவாத குளியலறையில் யாரோ பன்னீர் தெளித்ததுபோல ஒரு நாற்றம்.

"திறந்து காட்டும்மா," என்றார்.

அவள் திறந்தாள். ஒருவர் போட்டோ எடுத்தார். ஒருவர் மூக்கை உள்ளே விடாத குறையாகக் குனிந்தார். டாக்டர் திறந்த கதவில் சாய்ந்துகொண்டு தன் பெருமையை அளந்தார். அலாரம் கத்தியது. "குழந்தைங்க இருக்குற பெட்டியில்லையா, அதான் அழுவுது," என்று அதை அமுக்கினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கருமம்! அவர்கள் போன பிறகு அவள் நோட்டில் எழுதினாள்: கதவு திறந்திருந்தது பதினோரு நிமிடம், வெப்பம் 33.8. ஐந்தாம் நாள் பார்த்தபோது மூன்று கருவும் வளராமல் நின்றுபோயிருந்தன.

அறிக்கையோடு அவளை டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். தையல்காரப் பெண்ணும் கணவனும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"இதுக்கு எபிஜெனடிக்ஸ்னு பேரு," என்றார் டாக்டர். "முதல் அஞ்சு நாள்ல அம்மா மனசுல என்ன இருக்கோ, அது அப்படியே கரு மேல பதிஞ்சிடும். நீங்க ரொம்ப டென்ஷன் ஆயிட்டீங்க."

"அழாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் டாக்டர்," என்றான் கணவன்.

"அழுதேன். அஞ்சு நாளும் அழுதேன்," என்றாள் அவள். "அப்போ நானே கொன்னுட்டேனா?"

டாக்டர் இல்லை என்று சொல்லவில்லை. கனிவாகத் தலையை ஆட்டினார். அந்தக் கனிவைப் பார்த்ததும் கதவக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த மனுஷன் கூடத்தையே கொளுத்திவிட்டு, பழி போட ஒரு பெண்ணைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். த்தூ! இந்த அறையைத் தாண்டினால் சாகிறவரைக்கும் அது அவள் தலையில்தான். கட்டியவனே சொல்லிக் காட்டுவான்.

"அந்த அஞ்சு நாளும் கரு உன் வயித்துலயே இல்லம்மா," என்றாள் கதவக்கா.

டாக்டர் நிமிர்ந்தார். "ஃபைலை வெச்சிட்டு நீங்க போகலாம்."

"என் பெட்டிக்குள்ள இருந்துச்சு. நீ உன் வீட்டுல அழுதா, அது எப்படிம்மா இங்க வந்து பதியும்? அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் பெட்டியோட சூடும் காத்தும்தான். மூணாம் நாள் அந்தப் பெட்டியைப் பதினோரு நிமிஷம் திறந்து போட்டு வேடிக்கை காட்டினாங்க. இதோ எழுதியிருக்கு. அதனாலதான் நின்னுச்சான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா உன் அழுகையால இல்ல. அது மட்டும் நிச்சயம்."

நோட்டை விரித்து மேசையில் வைத்தாள். கணவன் குனிந்து படித்தான். அவன் காது சிவந்தது. டாக்டர் ஃபோனை எடுத்து யாரையோ கூப்பிட ஆரம்பித்தார். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது அவளுக்கு. சொல்லிவிட்டோமே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தையல்காரப் பெண் நோட்டைப் பார்க்கவில்லை.

"யாருக்கா திறந்தாங்க?"

"இவர்தான் திறக்கச் சொன்னாரு."

"சொன்னது சரி. திறந்தது?"

கதவக்கா நோட்டின் மேலிருந்து கையை எடுத்தாள். "நான்தாம்மா."

"அன்னைக்கு நான் வெறும் வாசல்லதானே நின்னேன். அதுக்கே அந்தக் கத்து கத்துனீங்களே." அவள் குரல் உயரவில்லை. "இவர்கிட்ட மட்டும் வாய் வரலியாக்கா?"

டாக்டரைப் பார்த்து வந்த அதே குமட்டல் இப்போது தன் கையைப் பார்த்து வந்தது.

"வரலம்மா," என்றாள்.